முப்பத்திரண்டாவது மறுப்பு

"என் தொப்பி எங்க?"

லூமிர் கோவாரிக் இந்தக் கேள்வியை ஐந்தாவது தடவையாகக் கேட்டபோது மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு அவர் முகாம் அலுவலகத்துக்குப் போய், மெம்பராகச் சேர முடியாது என்று சொல்லியாக வேண்டும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவர் தாமதமாகப் போனதே கிடையாது.

"இருபது அடி அகலத்துல இருக்கற வண்டி இல்ல இது. எட்டடி. தேடினா கிடைக்கும்," என்றாள் மனைவி அர்லீன், நீச்சல் உடைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டே.

தொப்பி கிடைத்தது. கோலாச் என்கிற அவர்களுடைய நாய் அதன் மேல் படுத்திருந்தது. முன்விளிம்பு அதன் வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது.

லூமிர் தொப்பியின் மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தொப்பியோடு முப்பத்தொரு முகாம்களில் முப்பத்தொரு தடவை "மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அரிசோனாவில் குளிர்காலம் கழிக்க வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிற யாரைக் கேட்டாலும் இந்த ஏற்பாட்டைச் சொல்வார்கள். இரண்டு இரவு காசில்லாமல் சும்மா தங்கலாம். கரண்ட், தண்ணீர், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. பதிலுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஏன் மெம்பர்ஷிப் வாங்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து வரலாம். சட்டம் அப்படித்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வரும்போது கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அவருடைய மைத்துனர் எல்டன் அப்படிப் போட்டவர்தான். வண்டியை விற்றுவிட்டார், இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது, ஆனாலும் வருடா வருடம் முகாமுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்த நாளில்தான் லூமிர் சபதம் எடுத்தார். நெப்ராஸ்காவில் முப்பத்தைந்து வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் இயந்திரம் ஓட்டியவர் அவர். எதிரே மலைபோல் வருவதை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போவது அவருக்குப் பழகிய வேலை.

"தொப்பி இல்லேன்னா மறுக்க வராதா உனக்கு?" என்றாள் அர்லீன். குரலில் கேலி இருந்தது. கொஞ்சம் கவலையும் இருந்தது.

"எனக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மறுப்பேன்."

"போன மாசம் டூசன்ல கொஞ்சம் இளகிட்ட மாதிரி இருந்துச்சு."

"அந்தப் பையன் அழுதுட்டான். தண்ணி குடுத்தேன். அது இளகறதா?"

"சரி, இன்னிக்கு நல்லா வாக்குவாதம் பண்ணு. பாதியில எழுந்து வந்துடாதே. ஒன்றரை மணி நேரமும் பண்ணு." அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு குளத்தைப் பார்த்துக் கிளம்பினாள். இலையுதிர் காலத்தில் இடுப்பு எலும்பில் அறுவை செய்துகொண்டவள். வண்டிப் படியில் ஒவ்வொரு காலாக அவள் இறங்கி முடிக்கும்வரை லூமிர் வாசலிலேயே நின்றார்.

அலுவலகத்தில் அவருக்காகக் காத்திருந்தவள் கோனி ஒச்சோவா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட உணவு விடுதியில் சமைத்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த வேலைக்கு வந்து ஆறு நாள்தான் ஆகிறதாம். கை குலுக்கியபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. மூலையில் காபி மேஜையின் பக்கத்தில் ஒரு தடித்த ஆள் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். எல்லா முகாமிலும் மூலையில் இப்படி ஒருவர் இருப்பார். வேலைக்காரர்களைக் கம்பெனியே வேவு பார்க்கிறது என்பது லூமிரின் முடிவு.

அந்தக் கம்பெனியைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அத்தனை முகாமும் அவர்களுடையதுதான். முப்பத்தொரு இடத்தில் மறுத்தவன் முப்பத்திரண்டாவது இடத்துக்கு வந்தால் அடையாளம் தெரிய வேண்டாமா? தெரியாது. புதிதாக ஒரு ஆளை எதிரே உட்கார வைத்துப் பல்லைக் காட்டுவார்கள். போதாக்குறைக்கு, இரண்டு இரவு முடிந்ததும் அர்லீன் அலுவலகத்துக்கு நடந்து போய்விட்டு வந்து, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கச் சொல்லிட்டாங்க" என்பாள். இன்னமும் தன்னை மடக்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று லூமிர் சிரிப்பார். போகும்போது கையில் ஒரு டார்ச் லைட்டைப் பரிசாகக் கொடுத்து வேறு அனுப்புவார்கள். வண்டியின் அடிப்பெட்டியில் முப்பத்தொரு டார்ச் லைட் இருக்கிறது.

"மிஸ்டர் கோவாரிக், ஒரு குடும்பம் சேர்ந்து இருக்கறதுக்கு என்ன விலை வைப்பீங்க?" என்று கோனி மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தாள்.

"குடும்பம் சேர்ந்து இருந்தா நான்தான் விலை குடுத்துத் தப்பிச்சுப் போவேன். அடுத்தது?"

கோனி ஒரு பக்கத்தைப் புரட்டினாள். மூலைக்காரர் குறித்துக்கொண்டார்.

"என் வண்டி நாப்பத்தோரு அடி," என்றார் லூமிர். வழக்கமாக இது ஒன்றே போதும். "உங்க இடத்துல நுழையாது."

"நேத்து ராத்திரி எங்க நின்னுச்சு சார்?"

லூமிர் தொண்டையைச் செருமினார். தொப்பி இருந்திருந்தால் விளிம்பை இழுத்துவிட்டிருப்பார். "நாய் இருக்கு. குரைக்கும். கடிக்கும். இன்னிக்குக் காலையில ஒரு தொப்பியைத் தின்னுச்சு."

"நாய்க்குன்னே வேலி போட்ட புல்வெளி இருக்கு சார். இதோ படம்." படத்தில் ஓடிக்கொண்டிருந்தது கோலாச். நேற்று மாலை யாரோ எடுத்து அதற்குள் விளம்பரத்தாளில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அதன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"இந்தா பாரும்மா," லூமிர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் போட்டார். அதுதான் அவருடைய கடைசி ஆயுதம். "எத்தனை ராத்திரி முகாம்ல தங்கறேன்னு தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். வருஷத்துக்கு முப்பது ராத்திரிக்கு மேல தங்கினாத்தான் மெம்பர்ஷிப் கட்டுபடியாகும். நான் கணக்கு வழக்கு தெரியாத ஆள் இல்ல."

கோனி நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். முந்நூறு பிள்ளைகளுக்கு எத்தனை ரொட்டி என்று பார்த்தவுடன் சொல்லிப் பழகிய கண்.

"போன வருஷம் மட்டும் அறுபத்து நாலு ராத்திரி சார்."

"அது... அதெல்லாம் சும்மா தங்கினது."

"சும்மான்னாலும் ராத்திரி ராத்திரிதானே?"

லூமிர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். எட்டு வருடமாகத் தன் கையாலேயே எழுதியதை அவர் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை. தான் முகாமில் வாழவில்லை, முகாமை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார்.

"என் பொண்டாட்டிக்குத் தண்ணின்னாலே ஆகாது," என்றார். "நீச்சல் குளம் எதுக்கு எங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் ஜன்னல் ஞாபகம் வந்தது. கோனி அதற்கு முன்பே திரும்பிப் பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆவி பறக்கிற வெந்நீர்க் குளத்தில் அர்லீன் நடந்துகொண்டிருந்தாள். கைத்தடி நாற்காலியில் சாய்ந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை மின்னியது. அவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள்.

"எவ்வளவு அழகா நடக்கறாங்க," என்றாள் கோனி. அது மனப்பாடம் செய்த வரி இல்லை.

லூமிரும் ஜன்னலைப் பார்த்தார். செப்டம்பருக்குப் பிறகு அர்லீன் தடி இல்லாமல் நடந்து அவர் பார்த்ததே இல்லை. தினமும் வெந்நீரில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவளைக் கடைகளின் கார் நிறுத்தத்தில் ராத்திரி தங்க வைத்தவர் அவர்தான். ஒரு முகாமுக்கும் இன்னொரு முகாமுக்கும் நடுவே, மாதத்தில் பாதி நாள் தார்த்தரைதான்.

கோனி தாளைப் பார்த்து அடுத்த வரியைப் படித்தாள். "இந்தச் சலுகை இன்னிக்கு மட்டும்தான் சார். இன்னிக்கு வேண்டாம்னு சொன்னவங்க பேரை எழுதி வச்சுக்குவோம். அப்புறம் எந்த முகாம்லயும் காசில்லாம தங்க விடமாட்டோம்."

இந்த மிரட்டலை முப்பத்தொரு தடவை கேட்டு முப்பத்தொரு தடவையும் சிரித்தவர் லூமிர். இன்று சிரிப்பு வரவில்லை. அரிசோனாவில் அவர் மறுக்காத முகாம் இனி ஒன்றுகூட பாக்கி இல்லை.

மறுபடி ஜன்னலைப் பார்த்தார். எல்டனை நினைத்தார். சபதத்தை நினைத்தார். வண்டிப் படியில் ஒவ்வொரு காலாக இறங்குகிறவளை நினைத்தார். போதும் என்றிருந்தது.

"குடு பேனாவை," என்றார்.

"என்ன சார்?"

"கையெழுத்துப் போடறேன். உன் பேச்சுல மயங்கி இல்ல, தெரிஞ்சுக்கோ. அவளுக்காக."

சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவளின் முகம் வெளிறிப் போயிற்று. கோனி மூலையைப் பார்த்தாள். மூலைக்காரரின் பென்சில் கீழே விழுந்து உருண்டது.

"சார், காபி சாப்பிடறீங்களா?"

"வேண்டாம். பேனா."

"அவசரமே இல்ல சார். இது பெரிய முடிவு. உங்க வண்டி நாப்பத்தோரு அடி வேற."

"நேத்து நுழைஞ்சுதே?"

"கஷ்டப்பட்டு நுழைஞ்சிருக்கும். நாயும் இருக்கு. புல்வெளியில முள்ளு கிடக்கும்."

"அதுக்குத் தொப்பியே செரிச்சுது. முள்ளு ஒண்ணும் பண்ணாது."

"நெப்ராஸ்காலேருந்து இவ்வளவு தூரம் வருஷா வருஷம் எப்படி சார் ஓட்டிட்டு வருவீங்க? வயசு ஆகுதில்ல?"

அவ்வளவுதான். லூமிர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"யாருக்கு வயசு ஆகுது? ஓட்டுவேன். தொண்ணூறு வயசு வரைக்கும் ஓட்டுவேன். நான் வேண்டாம்னு சொன்னப்பெல்லாம் வாங்கு வாங்குன்னு உயிரை எடுத்தீங்க. இப்ப வாங்கறேங்கறேன், வேண்டாங்கறியா? என்னை யாரும் தடுக்க முடியாது. வெறும் வருஷ மெம்பர்ஷிப் இல்ல, ஆயுள் மெம்பர்ஷிப் குடு. இருக்கறதுலயே பெருசு எதுவோ அதைக் குடு!"

"சார், எங்கிட்ட பேனா இல்ல." கோனியின் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. அவள் காதுக்கு மேலேயே ஒரு பேனா செருகியிருந்தது. "நீங்க சரின்னு சொன்னா என்ன செய்யணும்னு எனக்கு யாருமே சொல்லிக் குடுக்கலே சார்."

லூமிர் எட்டி அந்தப் பேனாவை உருவினார். மேஜையில் கிடந்த படிவத்தை இழுத்தார். முப்பத்தைந்து வருடம் பனியை ஒதுக்கிய கை, அன்று எட்டு வருடத்துச் சபதத்தையும் ஒதுக்கித் தள்ளியது. கோடிட்ட இடத்தில் 'லூ' என்று எழுதத் தொடங்கினார்.

மூலைக்காரர் காபிக் கோப்பையைத் தட்டிவிட்டுப் பாய்ந்து வந்து படிவத்தின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்தார்.

"வேண்டாம் சார், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்! புதுசா வர்ற எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரையும் உங்க எதிர்ல உக்கார வச்சுத்தான் பழக்கறோம். நீங்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கற வரைக்கும் செல்லும்னு பேசித்தான் எட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டம்மா எங்ககிட்ட அந்த நீலப் பட்டையோட ஆயுள் மெம்பர்ஷிப்பையே சும்மா வாங்கிக்கிட்டாங்க!"