அப்பாவின் தலைக்குமேல் அடுத்த மாகாணத்து மான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்வேக் ஊரிலிருந்து ஹில்லெவி பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென்றும், அங்கேயாவது பனி அளவோடு விழுகிறதென்றும் நம்புகிறேன். தொலைபேசியில் பேச எனக்குக் கூச்சம். நேற்று எடுத்தவர் "சொல்லுங்க" என்றதும் வைத்துவிட்டேன். அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

சனிக்கிழமை இதழில் என் அப்பா ஹால்வாரின் மரண அறிவிப்பு வந்திருந்தது. பெயர் சரி, தேதி சரி. ஆனால் மேலே, எங்கள் ஹெர்யேடாலன் மாகாணச் சின்னமான சுத்தியலும் இடுக்கியும் பட்டறைக்கல்லும் இருக்க வேண்டிய இடத்தில், வடக்கே உள்ள யெம்ட்லாந்தின் கொம்பு மான் நிற்கிறது. கீழே "யெம்ட்லாந்தின் மைந்தர்" என்று வேறு. இரண்டும் ஒரே மாவட்டம்தானே என்பீர்கள். புவியியல் படித்த நானும் அப்பாவிடம் ஒருமுறை அப்படித்தான் சொன்னேன், பழைய மாகாணங்களுக்கு இன்று நிர்வாகத்தில் ஒரு வேலையும் இல்லை என்று. "நம்ம குடும்பத்துல முதல்முதலா ஒருத்தி காலேஜுக்குப் போனா. போயி நம்ம ஊரையே அழிச்சிட்டு வந்திருக்கா" என்று சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார். பனி தள்ளும் வண்டி ஓட்டியவர் அவர். எல்லைப் பலகையைத் தாண்டினால் வண்டியில் பாட்டை நிறுத்திவிடுவார், அடுத்தவன் ஊரில் நமக்கென்ன சந்தோஷம் என்று. அப்படிப்பட்டவர் கடைசியில் படுத்தது ஓஸ்டர்சுண்ட் மருத்துவமனையில், அதாவது யெம்ட்லாந்தின் நடு வயிற்றில். "நர்ஸம்மா, கட்டிலைத் தெக்க பாத்துத் திருப்பு. கண்ணு முழிச்சா எங்க ஊரு தெரியணும்." "எப்படித் தெரியும் தாத்தா, நடுவுல எங்க மலையில்ல இருக்கு?" "அதானே உங்க ஆளுங்க வேலை, எதையாவது குறுக்க போட்டு மறைக்கிறது." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திருப்பினாள். அந்தப் பக்கம் பார்த்தபடியேதான் போனார்.

அன்றிலிருந்து அம்மா வாய் திறக்கவில்லை. வைத்த சோற்றைத் தொடுவதுமில்லை. உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் முதல் வார்த்தை வந்தது: "இது யாரு வீட்டு மானு?" அடுத்து, "இதைத் திருத்திப் போடாம உங்கப்பாவை மண்ணுக்குள்ள வைக்க விடமாட்டேன்." சாயங்காலமே சித்தப்பா தோர்ஸ்டன் வந்துவிட்டார். வேட்டைத் தகராறில் அப்பாவோடு பல வருடம் பேசாதவர். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "அண்ணி, உயிரோட இருந்தப்ப அவனை நான் என்ன வேணா திட்டுவேன், அது எங்களுக்குள்ள. செத்தவனைப் போயி யெம்ட்லாந்துக்காரன்னு சொல்ல இவனுங்க யாரு?" என்று மேசையைக் குத்தி, அப்படியே அழுதுவிட்டார். மறுநாளிலிருந்து ஊரே வருகிறது. துக்கம் கேட்கத் தெரியாமல் வாசலில் பூவை வைத்துவிட்டு மணியடிக்காமல் நழுவிய அதே ஆட்கள்தான். இப்போது திட்டுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டதால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், உங்களைத் திட்டிவிட்டு அப்படியே அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள், இருட்டினாலும் எழுந்திருப்பதில்லை, காப்பிப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை, எனக்கோ உப்சாலாவில் வேலை காத்திருக்கிறது, இத்தனை பேரை உபசரித்து எனக்குப் பழக்கமுமில்லை.

எனவே வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குமுன் தயவுசெய்து திருத்தம் வெளியிட்டு, எங்கள் வீட்டில் அமைதி திரும்ப உதவுங்கள். தங்களுக்கும், அறிவிப்பை அச்சுக்கோத்தவருக்கும் எங்கள் வணக்கம். அவர்மீது கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஹில்லெவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த ரொட்டியைப் பாதி கடித்தபடி கேட்டாள்: "திருத்திப் போட்டுட்டா, அப்புறம் இவங்கல்லாம் எதுக்குடி வருவாங்க?" அவள் சாப்பிடுகிறாள் என்பதையே அப்போதுதான் கவனித்தேன். "அடக்கம் வெள்ளிக்கிழமையே நடக்கட்டும். உங்கப்பா பொறுத்துப்பாரு" என்றாள். ஆகவே திருத்தம் வேண்டாம். அடக்கம் முடிந்ததும் வழக்கம்போல, வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் அறிவிப்பை உங்கள் இதழுக்கு அனுப்புவோம். அதற்குள் நான் உப்சாலா போய்விடுவேன், அம்மா தனியாக இருப்பாள், குளிர்காலமும் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. முடிந்தால் அந்த அறிவிப்பில் எங்கள் ஊரைப் பக்கத்து நாடான நார்வேயில் சேர்த்துப் போடுங்கள்.