இரண்டு தடவை இருந்த வரி

அடுத்தவர் செய்த வேலையைச் சரிபார்க்க உட்காருகிறவன் பாடு திண்டாட்டம்தான். குற்றம் கண்டுபிடித்தால் செய்தவருக்குக் கோபம். கண்டுபிடிக்காவிட்டால், 'இவன் படிக்கவே இல்லை' என்று மேலதிகாரிக்குச் சந்தேகம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் எண்பதுகளின் கடைசியில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரையே நான் படுக்க வைத்தேன்.

திருச்சிக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். அதற்குப் புதிதாக ஒரு பெரிய பிரிண்டர் வந்து இறங்கியது. அந்தப் பிரிண்டரை எப்படி வேலை வாங்குவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ("புது டிரைவரை செக் பண்றேன்" என்று என் மாமனாரிடம் சொன்னபோது, "லைசென்ஸ் இருக்கான்னு பாத்தீங்களா மாப்ளை?" என்று அக்கறையாகக் கேட்டார்.) மற்ற நிரல்களில் தப்பு இருந்தால் அந்த வேலை மட்டும் நிற்கும். டிரைவர் உட்காருவதோ கெர்னலுக்குள், அதாவது கம்ப்யூட்டரின் அடிவயிற்றில். அங்கே கோளாறு என்றால் மொத்தமும் நின்றுவிடும்.

அதை எழுதியவர் வைதேகி. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து, மாதக்கணக்கில் மெனக்கெட்டு எழுதியிருந்தார்.

எங்கள் அதிகாரி சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டார். "அருள், நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. மெட்ராஸ்லேர்ந்து ஜி.எம். வரார். இது சரியா ஓடலைன்னா கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அங்கேயே கொண்டுபோயிடுவாங்க. நாமளும் பெட்டி கட்ட வேண்டியதுதான்."

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மெட்ராஸில் ஒரு பயிற்சி வகுப்புக்கு நான் போய் வந்திருந்ததுதான். (வகுப்பில் எனக்கு நன்றாகப் புரிந்தது மதியச் சாப்பாடு.)

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து குடும்பத்தோடு முக்கொம்பு போனோம். பிள்ளைகள் தண்ணீரில் ஆட, நான் மரத்தடியில் வைதேகியின் நிரல் இருந்த காகிதக் கட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாகப் படித்தேன். ஒரு தப்புகூட இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. நாளைக்கு சுந்தரேசன் கேட்டால் என்ன சொல்வது? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். காற்று ஒரு தாளைப் பிடுங்கப் பார்க்க, அதை அமுக்கிப் பிடித்த இடத்தில் கிடைத்தது புதையல். பிரிண்டரின் நிலையைக் கேட்கும் வரி, அடுத்தடுத்து இரண்டு தடவை.

மறுநாள் காலை வைதேகியிடம் கம்பீரமாகக் கேட்டேன். "ஒரே கேள்வியை எதுக்கும்மா ரெண்டு தடவை கேக்குறீங்க?"

"மேனுவல்ல அப்படித்தான் சார் போட்டிருக்கு. ஏன்னா..."

"மேனுவல் எழுதறவனுக்கும் தப்பு வரும். ஒண்ணை எடுத்துடுங்க."

அவர் மேனுவலை மூடி வைத்தார். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார். ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்தோம். பளிச்சென்று வந்தது. இன்னொரு பக்கம் பார்த்திருக்கலாம். ஆனால் மணி பன்னிரண்டரை. கேண்டீனில் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஜி.எம். வந்தார். பிரிண்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சுந்தரேசன் பட்டனைத் தட்டினார். முதல் பக்கம் அழகாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பின் வெற்றுத்தாள். அதற்குப் பின்னும் வெற்றுத்தாள். பிரிண்டர் காகிதத்தைக் கக்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்றால் கம்ப்யூட்டர் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஸ்டோர்ஸிலிருந்து போன், அக்கவுண்ட்ஸிலிருந்து போன், எல்லாத் திரையும் உறைந்துவிட்டது என்று. நான் ஓடிப்போய் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கியபோது முழங்கால் வரை காகிதம்.

"இதை யாரு செக் பண்ணது?" என்றார் ஜி.எம்.

"ஒரு வரி விட்டுப்போச்சு சார். உடனே சேத்துடறேன்" என்றார் வைதேகி. என் பெயரைச் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்" என்றேன், காகிதத்துக்குள் நின்றபடி.

"ஏன்?"

"ரெண்டு தடவை இருந்துச்சு சார்."

ஜி.எம். வைதேகியைப் பார்த்தார். அவர் நிதானமாக விளக்கினார். "முதல் தடவை கேட்டா பிரிண்டர் பழைய பதிலைச் சொல்லிட்டு அதை அழிச்சுடும் சார். ரெண்டாவது தடவை கேட்டாத்தான் இப்போதைய நிலைமையைச் சொல்லும். ஒரே தடவை கேட்டதால, போன தாளோட 'பக்கம் முடிஞ்சுது'ங்கற பதிலையே கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் நம்பி, அடுத்த தாள், அடுத்த தாள்னு தள்ளிண்டே இருந்துடுத்து."

அந்த வரி திரும்ப உள்ளே போனது. சாயங்காலத்துக்குள் பிரிண்டர் ஒழுங்காக ஓடியது. கம்ப்யூட்டர் திருச்சியிலேயே தங்கியது. அதற்குப் பிறகு சரிபார்க்கிற வேலையெல்லாம் வைதேகிக்கு. எனக்குக் காகிதம் மடிக்கிற வேலை.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வைதேகி எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி ஜெசிந்தாவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை வருஷம் ஆகிவிட்டது. இன்றும், "பால் வாங்கிட்டு வாங்க" என்று ஜெசிந்தா இரண்டாம் முறை சொல்லி, "ஒரு தடவை சொன்னா போதாதா?" என்று நான் அலுத்துக்கொண்டால், அடுக்களையிலிருந்து அமைதியாகப் பதில் வரும்.

"முதல் தடவை சொன்னது, உள்ள கிடக்கிற பழசை அழிக்கறதுக்குங்க. இப்பச் சொல்றதுதான் பால்."