டீசல் மண்டோரின் மின்சாரப் பெரட்டு

மலேசியாவின் சிரம்பானில் ஓடும் எந்த லோரியையும் பார்க்காமலே, அது இருமுகிற சத்தத்தை வைத்து நம்பர் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் டீசல் மண்டோர். மண்டோர் என்றால் மேஸ்திரி. லாபு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். குப்பை லோரி டெப்போவின் எஞ்சின் பட்டறையை முப்பது வருடமாக மேய்ப்பவர். அவர் கலக்கும் தேநீரில்கூட டீசல் வாசம் அடிக்கும் என்பார்கள். நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். அடித்தது.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், "இனிமேல் எல்லாம் மின்சார லோரி" என்று சொல்லும் பாக்கியம் திட்ட அதிகாரியான எனக்கு வாய்த்தது. என் தாத்தா தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அது தெரிந்த நாளிலிருந்து மண்டோருக்கு நானும் கிராணிதான்.

முதல் லோரி வந்ததும் அதன் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"என்னா கிராணி, மூச்சே காணோம்?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு மண்டோர்."

"அப்படியா? அதுகிட்ட யாராச்சும் சொன்னீங்களா லா?"

ஐந்து லோரிகளுக்கு மூன்று மாதச் சோதனை. தோற்றால் என் திட்டத்துக்கு மூடுவிழா. ஜெயித்தாலோ எஞ்சின் பட்டறைக்கு மூடுவிழா, மண்டோருக்கும் வேலை போய்விடும். ஆகவே மனிதர் எப்படியும் காலை வாரிவிடுவார் என்று உறுதியாக நம்பினேன்.

முதல் அடி ரஹாங் வட்டாரத்தில் விழுந்தது. லோரிச் சத்தம் கேட்டுத்தான் அங்கே குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். இப்போது சத்தமே இல்லை. போன லோரியைப் பையும் கையுமாகத் துரத்தினார்கள். பிடிக்க முடியாதவர்கள் போன் போட்டு என்னைத் திட்டினார்கள். மண்டோர் ஒரு பழைய பெரட்டு மணியைக் கொண்டுவந்து லோரியில் கட்டினார். தோட்டத்தில் விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுக்கு அடித்த மணி. மறுநாள் சாமி ஊர்வலம் வருகிறதென்று மூன்று வீட்டு வாசலில் தேங்காய்த் தட்டோடு நின்றார்கள். ஓட்டுநர் தேங்காயை வாங்கிக்கொண்டது தனிக்கதை. அன்றே மணியைக் கழற்றி, ஹார்ன் அடிக்கச் சொன்னோம்.

அடுத்தது என் கைங்கரியம். தூரத்தைக் கணக்கிட்டு, அரைமணிக்கு ஒரு லோரியாகத் திரும்பும், ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றலாம் என்று அழகாகப் படம் போட்டிருந்தேன். வாழையிலைச் சோற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் வேலை முடிந்தவர் அம்பாங்கான் கடையில் மற்ற நால்வருக்கும் இடம் பிடிப்பார். ஐவரும் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து வந்து, சேர்ந்தே சார்ஜரைச் செருகினார்கள். மின்விசிறி நின்றது, விளக்கு நின்றது, திறந்துகொண்டிருந்த கேட்டும் பாதியில் நின்றது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா, பழைய லோரியே போதும்" என்றார் மேலதிகாரி.

மறுநாள் பகல் சார்ஜர் பக்கத்தில் அந்த மணி தொங்கியது. மண்டோர் ஓங்கி அடித்தார். லோரிகள் வரிசை கட்டின.

"ஒண்ணாம் நம்பர்!"

"இருக்கேன் மண்டோர்!" என்றார் ஓட்டுநர்.

"ஒன்ன யாரு கேட்டா? நீதான் மூணு தடவ சோறு வாங்கித் தின்னுட்டு வந்திருக்க. லோரிக்கு எவ்ளோ பசி?"

"இருவது பர்சன்ட்தான் இருக்கு."

"அப்ப நீ மொதல்ல செருகு. மூணாம் நம்பர், ஒனக்குப் பாதி வயிறு ரொம்பித்தானே இருக்கு? ஓரமா நில்லு லா!"

அதற்குப் பிறகு ஒரு நாளும் மின்சாரம் நிற்கவில்லை. திட்டம் ஜெயித்தது. மண்டோர் பட்டறையில் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்க வேலைக்கு நீங்களே வேட்டு வச்சிக்கிட்டீங்களே மண்டோர், ஏன்?"

"பசியோட வந்து நிக்குது கிராணி. அப்படியே விட்டுட முடியுமா?"

இறுதி அறிக்கையில், 'சார்ஜிங் மண்டோர், ஒருவர், மிக அவசியம்' என்று ஒரு பதவியைச் சேர்த்தேன். கேள்வியில்லாமல் அங்கீகாரமும் கிடைத்தது. இப்போதும் தினமும் ஒரு மணிக்குப் பெரட்டு நடக்கிறது. எந்த லோரிக்கு எப்போது சார்ஜ் என்பதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் மென்பொருள் கடையில் கிடைக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதை மட்டும் இந்தக் கிராணி அறிக்கையில் எழுதவில்லை. அந்த மனிதரின் அதட்டல் இல்லாத டெப்போவுக்குள் போக எனக்கு மனசு வராது.