இருநூற்றுப் பதினான்காம் வரி

கெர்மான்,
எஸ்ஃபந்த் மாதம் 19

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பரிவஷ் சித்திக்கு,

இல்லை, படிப்பை நான் விட்டுவிடவில்லை. ஐந்து நாள் பயிற்சியில் நான்காம் நாள் பாதியில் எழுந்து வெளியே போனது உண்மை. அது வேறு.

முறைப்படி ஆரம்பிக்கிறேன். உங்கள் நிழல் எங்கள் தலைமேலிருந்து ஒருநாளும் குறையாதிருக்கட்டும். ஜம்ஷீத் சித்தப்பாவின் உடம்பை விசாரிக்கிறேன். உங்கள் முழங்காலை விசாரிக்கிறேன். முற்றத்து மாதுளையையும் விசாரிக்கிறேன். நான் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் நாலு மாதமாக நீங்கள் அழைத்தபோதெல்லாம் எடுக்காமல் இருந்தவள் நான். எடுத்திருந்தாலும் பயனில்லை. நாம் இருவரும் நலம் விசாரித்து, வாழ்த்தி, ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பதாகச் சொல்லி, கடைசியில் 'சரி, உன் நேரத்தக் கெடுக்கல' என்று வைத்திருப்போம். நம் குடும்பத்தில் தொலைபேசி வழியாக எந்தச் செய்தியும் இதுவரை போய்ச் சேர்ந்ததில்லை.

பயிற்சியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

செவிலியர் துறையில் முனைவர் பட்டம் செய்யும் பன்னிரண்டு பேரை ஒரே அறையில் அடைத்து, களத்தில் கேட்டதிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். புத்தகத்தில் படித்ததை மனிதர்கள் தலையில் ஏற்றக் கூடாது. எதையும் முன்கூட்டி நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஆட்களைப் பேசவிட வேண்டும். பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதி, வரிகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது என்று பார்த்து அதற்கொரு பெயர் வைக்க வேண்டும். பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அடியிலிருந்து மேலே போக வேண்டும். கேட்க எளிது.

ஆனால் டெஹ்ரானிலிருந்து வந்த டாக்டர் கெய்ஹானி, வைக்கிற பெயர் ஒவ்வொன்றும் ஒரு செயலாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார், 'சோகம்' என்று எழுதினால் அடித்துவிட்டு 'சோகத்தை மறைத்தல்' என்பார், 'பொறுமை' என்றால் 'பல்லைக் கடித்தல்' என்பார், இரண்டாம் நாள் மதியத்துக்குள் நாங்கள் எல்லோரும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி 'கபாப் தீர்ந்துபோதல்' என்றார், விடுதியில் என் அறைத்தோழி 'கதவைச் சாத்தாமல் போதல், மூன்றாம் முறை' என்று எழுதி என் தலையணையில் ஒட்டினாள், மூன்றாம் நாள் நானூறு மஞ்சள் சீட்டுகளைச் சுவரில் ஒட்டி வகை வகையாகப் பிரித்து முடித்த வேளையில், குளிருக்காக வைத்திருந்த சூடேற்றும் விசிறியை யாரோ சுவர்ப் பக்கம் திருப்பிவிட, பாதிச் சீட்டுகள் பறந்து ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன, கெய்ஹானி இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, முன்பிருந்ததைவிட இப்போதுதான் தெளிவாக இருக்கிறது, அப்படியே ஒட்டுங்கள் என்றார்.

சிரித்தோம். அம்மா போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

நான்காம் நாளுக்கு ஆளுக்கொரு பேட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் கொண்டுபோனது உங்களுடையது.

ஐந்து மாதம் முன்பு, மெஹர் மாதத்தில், ரஃப்ஸஞ்சானுக்கு வந்து, உங்கள் சமையலறை மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து எடுத்தேனே, அது. மறதி நோய் வந்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியரைப் பற்றியது. பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். காகிதத்தில் உங்களுக்கு 'பங்கேற்பாளர் 3' என்று பெயர். ஒன்றும் இரண்டும் கிடையாது. மூன்று என்று போட்டால் அனுபவசாலி மாதிரி இருக்கும் என்று போட்டேன்.

அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். 'மொதல்ல நீ போடு' என்றீர்கள். 'இல்ல சித்தி, நீங்கதான் போடணும்' என்றேன். 'பெரிய படிப்புப் படிக்கறவ நீ இருக்கறப்ப நான் எப்படி' என்றீர்கள். பேனா நாலு முறை மேசையைக் கடந்தது. அதற்குள் சித்தப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கதவில் வந்து நின்று என்னிடம் பயணச்சீட்டு கேட்டார். முப்பது வருடம் ரயிலில் சீட்டு பரிசோதித்தவர். என்னிடம் இருந்த ஒரே காகிதத்தை நீட்டினேன். பார்த்துவிட்டு ஓரத்தைக் கிழித்து, 'ஸாரந்தில எறங்கி மாறணும் தங்கச்சி' என்றார். ஆராய்ச்சி நெறிக்குழு அந்தப் படிவத்தை 'ஆவணம் சேதமடைந்துள்ளது' என்று திருப்பி அனுப்பியது. யார் சேதப்படுத்தியது என்ற கட்டத்தில் 'ரயில்வே' என்று எழுதினேன்.

அப்போது அம்மா இங்கே மருத்துவமனையில் இரண்டாம் வாரம்.

நான்காம் நாள், யாருடைய பேட்டி என்று தெரியாதபடி எல்லாவற்றையும் கலைத்துக் கொடுத்தார்கள். உங்களுடையது தூபா என்பவர் கைக்குப் போனது. சீர்ஜானில் இருபது வருடம் மருத்துவச்சியாக இருந்தவர். பிரசவ அறையில் பேசிப் பழகிய குரல். பத்து நிமிடம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, இந்தப் பேட்டி எடுத்தது யாரு?"

"அது தெரியக்கூடாதும்மா. அதுக்குத்தான் கலைச்சோம்," என்றார் கெய்ஹானி.

"எந்த தேசத்துக்காரி இவ? இருநூத்திப் பதினாலாவது வரியக் கேளுங்க."

படித்தார். உங்கள் குரலை அவர் கேட்டதே இல்லை. ஆனாலும் உங்கள் குரலில்தான் படித்தார்.

"'அக்கா ஆஸ்பத்திரில எப்படி இருக்கா? நான் வந்திருப்பேன். இவர யார்கிட்ட விட்டுட்டு வர்றது. இல்ல இல்ல, உன்னச் சொல்லல. நீ படிக்கற பொண்ணு, உனக்கு எதுக்கு சிரமம்.' இதுக்கு அந்தப் புண்ணியவதி கேக்கறா, 'உங்களுக்கு ஏதாவது உதவி தேவைப்படுதா?' அந்தம்மா சொல்றாங்க, 'ஐயோ வேண்டாம்மா. நீ டீயக் குடி.' அப்புறம் அடைப்புக்குள்ள போட்டிருக்கா, 'மௌனம், பதினோரு விநாடி.' அப்புறம் அடுத்த கேள்வி, 'வேண்டாம் என்று சொல்லும்போது உங்களுக்குள் எப்படிப்பட்ட உணர்வு ஏற்படுகிறது?'"

அறை சிரித்தது. தூபா ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். "பேட்டி எடுத்தவளுக்கும் ஒரு பேர் வைக்கறேன். 'மரம் மாதிரி உட்காருதல்.'"

நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக.

கெய்ஹானி என் பக்கம் பேசினார், அது நான் என்று தெரியாமலே. "விதிப்படி அவங்க செஞ்சது சரி. ஒரு தடவ கேட்டாங்க. வேண்டாம்னு பதில் வந்துது. வற்புறுத்தினா தரவு கெட்டுடும்."

"காலைல எனக்கு ஒரு ஆரஞ்சு குடுத்தீங்களே, எத்தன தடவ வேண்டாம்னேன்?"

"மூணு தடவ."

"வாங்கினேனா இல்லயா?"

"தோலு இன்னும் உங்க மேசைலதான் கெடக்கு."

"ஒரு ஆரஞ்சுக்கு மூணு தடவ. சாகக் கெடக்கற அக்காவப் பாக்கறதுக்கு ஒரே தடவதானா ஐயா? அந்தம்மா வேண்டாம்னு சொல்லல. கேக்கறாங்க. வாயத் தொறந்து இதவிட எப்படிக் கேப்பாங்க?"

கெய்ஹானி எழுந்து வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினார்: 'வேண்டாம் என்று சொல்லிக் கேட்டல்'. அவர் முகம் மலர்ந்திருந்தது. நாலு நாளாகத் தேடிய மையம் கிடைத்துவிட்டது. "இப்ப அடுத்த படி என்ன? யாராவது?"

"களத்துக்குத் திரும்பிப் போகணும்," என்றது ஒரு குரல்.

"போய்?"

"இந்தம்மாகிட்ட அடுத்த கேள்வியக் கேக்கணும். அக்காவப் பாத்தீங்களா இல்லயான்னு."

"பாக்கல," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அக்கா எங்கம்மா."

அப்போதுதான் வெளியே போனேன். தூபா பின்னாலேயே வந்து நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தார். "மரம்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத மகளே."

"மரத்தச் சொல்லாதீங்க. அது நெழலாவது குடுக்கும்."

"சித்தி உசுரோட இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அப்ப இங்க உக்காந்து எதுக்கு அழுதுக்கிட்டிருக்க?"

சித்தி, அந்தப் பேட்டியை நானே எழுத்தில் பெயர்த்தேன். இருநூற்றுப் பதினான்காம் வரியைத் தட்டச்சு செய்தவை என் விரல்கள். பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு பெயரும் வைத்திருக்கிறேன்: 'உதவியை மறுத்தல்'. சந்தேகத்துக்குக் கேள்விக்குறிகூடப் போடவில்லை. அறிமுக வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: வாயில் வார்த்தையைத் திணிக்காதே, மறுப்பை உடனே மதி. அந்த ஒரு மணி நேரம் நான் உங்கள் அக்கா மகளாக இருக்கவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும், நம் ஊரில் மூக்கு ஒழுகும் குழந்தைக்குக்கூடத் தெரியும், உங்கள் கோட்டை எடுத்து உங்கள் தோளில் போட்டு, சத்தியம் செய்து, கதவுக்கு வெளியே தள்ளியிருப்பேன். பேருந்து ஒன்றரை மணி நேரம். போய் அம்மாவைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பியிருப்பீர்கள். சித்தப்பா என்னிடம் நாலு முறை சீட்டு கேட்டிருப்பார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அம்மா பத்தொன்பது நாள் இருந்தாள்.

கதவு திறக்கும்போதெல்லாம், "பரிவஷா?" என்பாள். ஊசி போட வரும் பெண்ணையும் கேட்டாள், தரை துடைக்க வந்தவரையும் கேட்டாள். நான், "வருவாங்கம்மா," என்றேன். நீங்கள் வரவில்லை என்று உங்கள்மேல் கோபம் வந்தது. நிஜமான கோபம். இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா போன ஏழாம் நாள் துக்கத்தில் ஹொர்மொஸ் மாமா எல்லோர் முன்னாலும், "ஒன்னர மணி நேர பஸ். கூடப் பொறந்தவளுக்கு அதுக்குக்கூட மனசு வரல," என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கக்கூடிய ஒருத்தி தட்டில் பேரீச்சம்பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் உண்டு. தெருவில் ஒட்டும் இரங்கல் அறிவிப்பில் துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் பெயர்களில் உங்கள் பெயர் இல்லை. அச்சகத்தில் தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தவறவில்லை. பட்டியலை எழுதிக் கொடுத்தது நான்.

நேற்று மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். பிறகு, "மறுபடி படி," என்றார். படித்தேன். "இது உங்கிட்ட மெஹர் மாசத்துலேந்து இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். வைத்துவிட்டார். காலையில் அவரே கூப்பிட்டு, ஒன்றும் நடக்காததுபோல், நோரூஸ் புத்தாண்டுக்கு உங்கள் வீட்டுக்கு என்ன இனிப்பு கொண்டுபோகலாம் என்று கேட்டார்.

ஆகவே, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், சித்தப்பாவின் உடல்நிலை இடம் கொடுத்தால், பண்டிகையெல்லாம் முடிந்த பிறகு, உங்களுக்கு வசதிப்பட்ட ஏதாவது ஒரு நாளில், ஒரே ஒரு மணி நேரம் வந்து உங்கள் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க அனுமதிப்பீர்களா? விருப்பமில்லையென்றால் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் முடிவை முழுமையாக மதிப்பேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்களுக்குக் களைப்பு என்பதே இல்லாதிருக்கட்டும். உங்கள் கைகள் வலியறியாதிருக்கட்டும்.

உங்கள் அக்காவின் மகள்,
கோல்நார்

பி.கு. மேலே கேட்டிருப்பதை மறந்துவிடுங்கள். இப்போது படித்துப் பார்த்தேன். அதன் கடைசி இரண்டு வரிகள் அந்த ஒப்புதல் படிவத்தின் கடைசி வரிகள்தான், சொல்கூட மாறவில்லை. இதற்கு நீங்கள், 'உனக்கு எதுக்கும்மா சிரமம்' என்று பதில் போடுவீர்கள். நான் அதை மதித்து இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அதனால் கேட்கவில்லை. இன்று மதியம் இரண்டரைப் பேருந்தில் வருகிறேன். வெள்ளிக்கிழமைவரை சித்தப்பாவோடு இருப்பேன். நாளைக் காலை நீங்கள் கெர்மானுக்குக் கிளம்புகிறீர்கள். மாமா நிலையத்தில் நின்று உங்களைக் கல்லறைக்கு அழைத்துப்போவார். கல்லில் இன்னும் எழுத்து வெட்டவில்லை, அதனால் எது என்று அவர்தான் காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள். வேண்டாம் என்று கதவில் நின்று சொல்லிப் பாருங்கள்.

தபாலில் போட்டால் இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். ஒலிப்பதிவுக் கருவியை அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, நிலையத்துக்கு நடக்கிறேன்.