கராபின் ஊர் ஹாலும் நகர மறுத்த பியானோவும்

அன்பும் மதிப்பும் மிக்க லோர்னா அத்தைக்கு,

கராபினிலிருந்து ரோவினா எழுதுவது. நானும், நீங்கள் விட்டுப்போன வீடும், நீங்கள் விட்டுப்போன ஐந்து கோழிகளில் நான்கும் இங்கே சுகம். அடிலெய்டில் உங்கள் முழங்காலும் புதுப் பால்கனியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் இந்த ஊர் ஹாலுக்குச் செயலாளராக உழைத்துவிட்டு நீங்கள் கிளம்பிய அன்று, காரின் கண்ணாடியை இறக்கி, "கூட்டத்துக்கு மட்டும் போயிடாதேடீ, வேலையைத் தலையில கட்டிடுவாங்க" என்று சொன்னது நினைவிருக்கும். எனக்குக் கூட்டம் என்றாலே ஒதுக்கம். வீட்டிலிருந்தே மற்றவர்களின் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். புதன்கிழமை மட்டும் ஹாலின் பின்னறைக்குப் போய், ஊரார் கொண்டுவந்து போட்ட எண்ணூறு புத்தகங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து படிக்கிறேன். ஊர் என்றால் எனக்கு அந்த அறைதான். ஆகவே பிப்ரவரியில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு உங்கள் சொற்படி போகவில்லை. மறுநாள் காலை கடைக்கார நோலீன் ரொட்டியோடு ஒரு சாவிக்கொத்தையும் நீட்டினாள்.

"வாழ்த்துகள், செயலாளரம்மா."

"நான் கூட்டத்துக்கே வரலையே!"

"அதனாலதான் ஆயிட்டே. வந்த ஒம்போது பேருக்கும் முதுகுவலி. வராதவ எப்படி வேணாம்னு சொல்வா? இங்க இதான் வழக்கம். உங்க அத்தையும் அப்படித்தான் ஆனாங்க. அன்னிக்கு அவங்களுக்குக் காய்ச்சல்."

இதை நீங்கள் எனக்குச் சொல்லாமல் போனது மறதியால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

சாவியோடு கவுன்சிலின் கடிதம் ஒன்றும் வந்தது. ஹாலை யாரும் பயன்படுத்துவதில்லையாம். மே மாதம் முதல் ஞாயிறு ஓர் அதிகாரி வருவார். குறைந்தது நாற்பது பேர் உள்ளே இல்லாவிட்டால் பூட்டி விற்றுவிடுவார்கள். ஹால் போனால் என் பின்னறையும் போகும். ஊரில் மொத்தமே அறுபத்தொரு பேர். சூப் விருந்து வைத்தேன், ஆறு பேர் வந்தார்கள். படம் போட்டேன், மூன்று பேரும் ஒரு நாயும் வந்தார்கள், நாய் மட்டும் கடைசிவரை இருந்தது. மக்களை ஒன்றுசேர்ப்பது எப்படி என்று நான்கு புத்தகங்கள் படித்தேன். நான்கிலும் அன்பு, பகிர்வு, திறந்த மனம் என்றுதான் இருந்தது. எழுதியவர்களில் ஒருவரும் கராபினைப் பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் கடைவாசலில் கிளெம் தன் டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் பதினோரு பேர் கூடிவிட்டார்கள், இடதுபக்கம் ஒடி, வலதுபக்கம் ஒடி என்று ஆளுக்கொரு யோசனை. எனக்குப் பளிச்சென்று விளங்கியது. சந்தோஷமாக இருக்க வாருங்கள் என்றால் இந்த ஊர் வராது. ஒருவன் ஒரு வேலையைத் தப்பாகச் செய்யப்போகிறான் என்று தெரிந்தால் ஊரே வரும். அன்றே கடையில் அறிவிப்பு ஒட்டினேன்: "மே முதல் ஞாயிறு, காலை பத்து மணி. மேடையில் உள்ள மூன்றுகால் பெரிய பியானோ பின்னறைக்கு மாற்றப்படும். அந்த வாசலில் தாராளமாக நுழையும் என்கிறார் தலைவர் மெர்வின்." மெர்வினும் கிளெமும் வேலித் தகராறில் பதினோரு வருடமாகப் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

நாற்பத்தாறு பேர் வந்தார்கள் அத்தை! கயிறு, உருளைக்கட்டை, அளவுநாடா சகிதம். வாசலை ஐந்து பேர் அளந்தார்கள், ஐந்து அளவு வந்தது. கவுன்சில் அதிகாரி வந்து கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கப் பின்னறைக்குள் போன நேரம் பார்த்துப் பியானோ கிளம்பி, நேரே வாசலில் பாதி நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. பியானோவின் ஒரு முனையில் மெர்வின், மறுமுனையில் கிளெம்.

"தூக்குன்னா தள்ளுறான் பாரு!" என்றார் மெர்வின்.

"வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? பதினோரு வருஷமா ஊமையா இருந்துட்டு!"

"நீ பேசினியா? வேலியை நகர்த்தினது நீ!"

"அதைவிட இது கனமா இருக்குடா, கிழவா. பேசாம தூக்கு!"

உள்ளிருந்து அதிகாரி, "நான் எண்ண மட்டும்தாங்க வந்தேன்" என்றார்.

"அப்ப எண்ணுங்க சார், மூணு எண்ணினதும் தள்ளணும்" என்றாள் நோலீன். பாவம், அவர் பன்னிரண்டு முறை எண்ணினார். பியானோ மேல் வழியாக ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் கிரீமும் தேநீரும் உள்ளே போயின. மூன்று மணிக்கு அவர் பியானோவின் அடியில் ஊர்ந்து, டையெல்லாம் கிரீமாக வெளியே வந்து, "ஹால் முழுப் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பியானோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஞாயிறு தோறும் அதை எடுக்க ஊர் கூடுகிறது. போன வாரம் மழையிலும் முப்பத்தொரு பேர். மெர்வின் சோப்பு தடவிப் பார்த்தார், கிளெம் ஜாக்கி வைத்துப் பார்த்தார், இப்போது இருவரும் சேர்ந்து கப்பி ஒன்று செய்கிறார்கள். புதன்கிழமை நான் பியானோவுக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் படிக்கிறேன். பாதியில் யாராவது, "ரோவினா, உள்ள இருக்கியா? சும்மாதான் கேட்டேன்" என்பார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. போன புதன் நான்கு மணிவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஊர்ந்து வெளியே வந்து ஹால் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

ஆகவே அத்தை, ஹால் பிழைத்தது. நீங்கள் பால்கனியில் கால்நீட்டி உட்காருங்கள். கராபினிலிருந்து ஒருவரும் இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்க வேண்டாம். நான்கு கோழிகளின் வணக்கத்தோடு,

உங்கள் அண்ணன் மகள்,
ரோவினா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இன்று மாலை சிறப்புக் கூட்டம் நடந்தது. என்னைப் பியானோக் குழுவின் தலைவி ஆக்கிவிட்டார்கள். ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாதாம், ஆகவே செயலாளர் இடம் காலி. எல்லாருக்கும் முதுகுவலி. "வராதவங்க யாரு?" என்று கிளெம் கேட்டார். நீங்கள் ஆயுள் உறுப்பினர் என்று உங்கள் கையெழுத்திலேயே பதிவு இருந்தது. நான்தான் எடுத்துக் காட்டினேன். உறை ஏன் கனக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும், உள்ளே இருப்பது சாவி. சனிக்கிழமை மெர்வினும் கிளெமும் ஒரே காரில் உங்களை அழைத்துவர வருகிறார்கள். வந்ததும் செயலாளரின் முதல் வேலை: பின்னறைப் பக்கம் பியானோவின் அடியில் நான் அடித்து வைத்திருக்கும் இரண்டு மர ஆப்புகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது.