சாவிக்காரர் கடைக் கரடி

"அங்க என்ன சத்தம்?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா பார்க்கிறேன்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மனைவி கையிலிருந்த கரண்டியைக்கூட வைக்காமல் ஓடிவந்தாள். அந்த வீட்டில் 'சும்மா பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மிக்ஸி போனது அப்படித்தான். இஸ்திரிப் பெட்டி போனதும் அப்படித்தான்.

சாப்பாட்டு மேசைமேல் ஒரு தகரக் கரடி உட்கார்ந்திருந்தது. மடியில் சிவப்பு மேளம், இரண்டு கையிலும் குச்சி, முதுகில் சாவி. அவர் சாவியை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தார். கரடி ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது. வலது கையைப் பாதி தூக்கியது. யாரையோ கூப்பிட வந்து வேண்டாமென்று விட்டதுபோல அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி போன்ல என்ன சொன்னாரு?" என்றாள் மனைவி.

"சாயங்காலம் வர்றேன்னான்."

"வேற?"

"கரடியை எடுத்து வைக்கச் சொன்னான்."

"எப்படி எடுத்து வைக்கச் சொன்னாரு?"

அவர் கரடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெட்டியோட. அப்படியே. எதையும் திறக்காம."

"அப்புறம் கையில அது என்ன?"

"ஸ்க்ரூ டிரைவர் என் கையில எப்பவும் இருக்கறதுதானே."

தம்பி இந்த வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. காரணம் ஒரு சுவர்க் கடிகாரம். தம்பியின் மாமனார் ஆசையாக வாங்கித் தந்தது. மணிக்கு மணி அடிக்கும். அண்ணன் விருந்துக்குப் போனவர், எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அதைக் கீழே இறக்கிச் சும்மா பார்த்தார். அதன்பிறகு அந்தக் கடிகாரம் ஒரு மணிக்குப் பன்னிரண்டு முறையும் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறையும் அடித்தது. மாமனார் எழுந்து போய்விட்டார். "என் வீட்டுக்கு வந்தா கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. இல்லேன்னா வராதே" என்றான் தம்பி. அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போகவேயில்லை. அவனும் வரவில்லை. நல்லது கெட்டதற்குக்கூட மனைவிமார்தான் போனில் பேசிக்கொண்டார்கள்.

நேற்று அவனாகவே கூப்பிட்டான். நலம் விசாரிக்கவில்லை. "அண்ணே, சாவிக்காரர் கடையில வாங்கினோமே, அது இன்னும் இருக்கா?" என்றான். இருக்கிறது என்றதும் அவன் குரலே மாறிவிட்டது. பத்து வயசுக் குரல்.

சாவிக்காரர் கடை அவர்கள் தெரு முனையில் இருந்தது. கடைக்காரருக்கு உண்மையில் என்ன பெயரோ, இடுப்பில் ஒரு பெரிய வளையம் நிறையப் பொம்மைச் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பார். நடந்தால் சலங்கை கட்டிய மாதிரி சத்தம் வரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு பொம்மைக்கு மட்டும் சாவி கொடுத்து விடுவார். ஒருநாள் வாத்து, ஒருநாள் ரயில், ஒருநாள் குட்டிக்கரணம் போடும் குரங்கு. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி முழுக்க மூக்குத் தடம்.

விற்ற பொம்மையைச் சாவிக்காரர் வெறும் காகிதத்தில் சுற்றித் தரமாட்டார். அதற்கென்று பெட்டி அச்சடித்து வைத்திருந்தார். முன்பக்கம் கடையின் வாசலும் ஜன்னலும், மூடி ஓட்டுக் கூரை மாதிரி. கெட்டி அட்டை என்றால் அப்படி ஒரு கெட்டி அட்டை. இப்போது காசு கொடுத்தாலும் கிடைக்காது. கடை இருந்த இடத்தில் இன்றைக்குக் கார் நிறுத்துகிறார்கள். ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. இந்தக் கரடிதான் மிச்சம்.

அந்தக் கரடியும் அடிக்கவில்லை என்றால்?

'நீ தொட்டுத்தான் கெட்டுப்போச்சு' என்பான். தொடாமலே கெட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவரே நம்பமாட்டார். கடிகாரத்துக்குப் பிறகு கரடி. இந்த ஜென்மத்தில் தம்பி அப்புறம் வருவானா?

"உள்ள இருக்கற கிரீஸ் இறுகியிருக்கும். வேற ஒண்ணுமில்ல" என்று மனைவிக்கு விளக்கினார். "வருஷக்கணக்கா பரணிலயே கிடந்தா அது பசையாயிடும். ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டா போதும். இது திறக்கறதுல சேராது."

"ரெண்டு சொட்டுதானே?"

"ரெண்டே சொட்டு."

எண்ணெய்ப் புட்டியின் மூடி கழன்று முக்கால் புட்டி கரடிக்குள் இறங்கியது. கரடி நாலு அடி அடித்தது. பிறகு அதன் வாயிலிருந்தும் உட்காரும் இடத்திலிருந்தும் எண்ணெய் வடிய ஆரம்பித்தது. மேசை விரிப்பு போய்விடக் கூடாதே என்று அவர் சட்டென்று பெட்டியின் மூடியை எடுத்துக் கரடிக்கு அடியில் வைத்தார். மூடி எண்ணெயைக் குடித்துக் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது சாவியைத் திருப்பினால் திரும்பிக்கொண்டே இருந்தது. முறுக்கு ஏறவே இல்லை.

"ஸ்பிரிங்கோட முனை கொக்கியிலிருந்து வழுக்கியிருக்கு. இனிமே திறக்காம முடியாது" என்றார்.

"ஏங்க, வேண்டாங்க. இப்படியே குடுத்துடுங்க. 'வயசாச்சு, ஓடல'ன்னு சொல்லிடுங்க. மனுஷனுக்கே வர்றதுதானே."

"ஓடாத பொம்மையைப் பார்க்கவா அவன் இத்தனை தூரம் வர்றான்?"

தகரப் பொம்மைக்கு ஸ்க்ரூ கிடையாது. ஒரு பாதியின் விளிம்பிலிருக்கும் சிறு காதுகளை மறுபாதியின் துளையில் நுழைத்து மடக்கியிருப்பார்கள். அந்தக் காதை நிமிர்த்தினால் உடம்பு இரண்டாகப் பிரியும். ஆனால் தகரத்துக்கு ஞாபகசக்தி அதிகம். ஒருமுறை மடங்கிய இடத்தை மறக்காது. நிமிர்த்தும்போது கோபித்துக்கொண்டு ஒடிந்துவிடும். அவர் நிதானமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினார். ஒவ்வொன்றாக எல்லாக் காதும் ஒடிந்தது.

கரடி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே சிக்கியிருந்த ஸ்பிரிங் சுருள் இதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்ததுபோல விடுதலையாகிப் பறந்தது. கல்யாணப் போட்டோவில் மோதியது. அலமாரிக்கு மேலே போய், விசிறியில் பட்டு, நீளமான நாடாவாகச் சோபாவுக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

"எல்லாம் ஓடுதே, கரடியைத் தவிர" என்றாள் மனைவி, தரையில் படுத்து விளக்குமாற்றால் அதை வெளியே தள்ளிக்கொண்டே.

அப்போது போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, கிளம்பிட்டேன். பெட்டியோட எடுத்து வெச்சுட்டியா?"

"ஆச்சு, ஆச்சு. மேசை மேலதான் இருக்கு" என்றார். பொய்யில்லை. எல்லாமே மேசைமேல்தான் இருந்தது.

"நீ இந்த ஒண்ணையாவது திறக்காம வெச்சிருக்கேன்னு நினைச்சா எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே."

அவர் போனை வைத்தார். கூட்டத்தோடு பாதியில் நின்ற லிஃப்டின் கூண்டுமேல் ஏறி நின்றபோதுகூட அவர் இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

"கத்தரிக்கோலைக் குடு" என்றார் மனைவியிடம்.

சுருளைத் திரும்பச் சுற்றி வைக்க அதைச் சுற்றி ஒரு வளையம் வேண்டும். வழவழப்பாக வேண்டும், இல்லையென்றால் உராயும். எண்ணெய் குடித்த மூடி அதற்கென்றே செய்ததுபோல இருந்தது. வெட்டிச் சுற்றினார். சுருள் அடங்கியது. அடுத்தது பல்சக்கரம். அச்சுத் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டதால் சக்கரம் குடித்தவன் மாதிரி ஆடியது. நடுவே ஒரு வட்டத் துண்டு கொடுத்தால் நிற்கும். ரப்பர் கொடுத்தார், நசுங்கியது. பிளாஸ்டிக் கொடுத்தார், வழுக்கியது. பெட்டியின் பக்கத்து அட்டையில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தார். கச்சிதம்!

"பார்த்தியா, அந்தக் காலத்து அட்டை!" என்று குதூகலித்துச் சாவி கொடுத்தார்.

கரடி அடித்தது. ஒரே மூச்சில், ஒரே நொடியில், வாழ்நாள் முழுக்க அடிக்கவேண்டிய அத்தனை அடியையும் அடித்துத் தீர்த்தது. இடது கைக்குச்சி பறந்துபோய் மனைவியின் காபி டம்ளரில் விழுந்தது.

"இது என்ன வேகம்! பேய் பிடிச்சிருக்கா?"

"வேகத்தைப் பிடிக்கற துண்டு எங்கேயோ விழுந்துடுச்சு" என்றார். அந்த நிலைமையிலும் விளக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. "கடைசிச் சக்கரத்துப் பக்கத்துல ஒரு குட்டித் துண்டு இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கும். சக்கரத்தோட ஒவ்வொரு பல்லையும் தடுத்துத் தடுத்து விடும். டிக் டிக்னு கேக்குமே, அது அந்தத் துண்டுதான். அது இல்லேன்னா ஸ்பிரிங் இருக்கற பலத்தையெல்லாம் ஒரே அடியில கொட்டிடும். லிஃப்ட்லயும் வேகத்தைப் பிடிக்க ஒண்ணு இருக்கு. லிஃப்டை மேல தூக்கறது பெரிசில்லடி. விழாம பிடிக்கறதுதான் பெரிசு."

"உங்களைப் பிடிக்க ஒண்ணும் வைக்காம விட்டுட்டாங்களே" என்றாள் மனைவி, காபியிலிருந்து குச்சியை எடுத்தபடி.

சோபாவைப் புரட்டினார்கள். பாயை உதறினார்கள். விளக்குமாற்றின் ஈர்க்குகளைக்கூடப் பிரித்துப் பார்த்தாயிற்று. துண்டு கிடைக்கவில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் அட்டை இன்னும் கெட்டியாக இருந்தது. அதில் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, நகவெட்டியால் செதுக்கினார். முதலாவது சின்னதாகப் போனது. இரண்டாவது பெரிதாகப் போனது. மூன்றாவது பிளந்துகொண்டது. ஜன்னல் பக்கமும் தீர்ந்துபோகவே வாசல் பக்கத்தில் கத்தரி வைத்தார். அதில் செதுக்கியது சரியாக உட்கார்ந்தது.

டிக், டிக், டிக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் கரடியின் உடம்பை மூட வழியில்லை, காதுகள்தான் ஒடிந்துவிட்டனவே. உள்ளே இயந்திரமும் கடகடவென்று ஆடியது. பெட்டியில் மிச்சமிருந்ததையெல்லாம் வெட்டி, பார்சலில் கண்ணாடிச் சாமானைச் சுற்றி அடைப்பதுபோல உள்ளே அடைத்தார். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பசை போட்டார். மனைவி முணுமுணுத்துக்கொண்டே முழங்காலை அழுத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். தையல் தெரிந்த இடத்தில் அவளுடைய பழுப்பு நகப்பூச்சைத் தடவியதும் கரடி அசல் கரடியாகிவிட்டது.

வாசலில் மணி அடித்தது.

தம்பிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. "வா" என்றார் அண்ணன். "வந்தேன்" என்றான் தம்பி. இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

"உக்காருங்க தம்பி. இளைச்சுட்டீங்களே" என்று மனைவிதான் ஆரம்பித்து வைத்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் கரடியை மேசை நடுவில் வைத்தார். "நீயே சாவி குடு" என்றார் பெருந்தன்மையாக.

தம்பி சாவியைத் தொட்டுவிட்டுத் தயங்கினான். "எந்தப் பக்கம் திருப்பணும்?"

"என்னடா இது, தினமும் சேர்ந்துதானே விளையாடுவோம்?"

"சாவியை நீ என் கையில குடுத்ததே இல்லையேண்ணே. கழுத்துல கட்டிக்கிட்டுத்தானே தூங்குவே? ஸ்பிரிங் அறுந்துடும், தொடாதேன்னு."

அப்படியா? அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் ஞாபகத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் கரடி இருந்தது, அவ்வளவுதான். வலப்பக்கம் என்று காட்டினார். தம்பி மெல்ல முறுக்கிக் கையை எடுத்தான்.

கரடி அடித்தது. டம் டம டம், டம் டம டம். சாவிக்காரர் ஜன்னலில் அடித்த அதே அடி. ஒரு தடுமாற்றம் இல்லை. அண்ணன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று அவர் நெஞ்சும் அதே தாளத்தில் அடித்தது.

"நல்லா அடிக்குது" என்றான் தம்பி, மரியாதைக்குச் சிரித்து. அவன் கண் மேசையைத் துழாவியது. நாற்காலியை, அலமாரியைப் பார்த்தது. "நீ கரடியை வெச்சு விளையாடுவே. எனக்குப் பெட்டிதான். அதை நிமிர்த்தி வெச்சு, நான்தான் சாவிக்காரர்னு உள்ள பட்டன், கோலி, உடைஞ்ச பென்சில் எல்லாம் அடுக்கி வித்துக்கிட்டிருப்பேன். உனக்குக்கூட ஒரு தடவை வித்தேன். எனக்கு விளையாட்டுன்னா அந்தக் கடைதாண்ணே." அவன் குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தான். "அந்தக் கடைக்கு ஒரு போட்டோகூட எங்கேயும் இல்ல. தேடாத இடமில்ல, கேக்காத ஆளில்ல. அந்த வாசலும் ஜன்னலும் இந்த உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் மிச்சம் இருக்கு. அதைப் பார்க்கத்தான் வந்தேன். பெட்டி எங்கேண்ணே?"

கரடி கடைசியாக ஒரு அடி அடித்துவிட்டு நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்தபடி, தம்பிக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"கடை எங்கேயும் போயிடல தம்பி, கரடிக்குள்ளதான் இருக்கு; வேணும்னா உங்க அண்ணனைத் திறந்து காட்டச் சொல்றேன்."