வெண்டைக்கு ஊற்றாத தண்ணீர்

சேலையூர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பும் மரியாதையும் நிறைந்த ரோஹிணி சித்திக்கு, சின்மயி பல நமஸ்காரங்களுடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கேளம்பாக்கத்தில் எல்லோரும் சுகமா? சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் போர் தண்ணீர் வருகிறது. அம்மா தூங்குகிறாள், போன் அவள் தலையணைக்கு அடியில். அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் உங்கள் இட்லிப் பானையை வாங்கிப்போக நிகில் அண்ணா வருவான், பானைக்குள் இந்தக் கடிதத்தை வைத்துவிடுவேன். தயவுசெய்து கழுவுவதற்கு முன்னால் திறந்து பாருங்கள்.

அப்பா ஆபீஸ் வேலையாக நாக்பூர் போகும்போது மொட்டைமாடித் தோட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார். "அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவின தண்ணி மட்டும்தான். டேங்க் தண்ணியைத் தொட்டே, தோத்தாத்ரி மாமா என்னைக் கொன்னுடுவார்" என்றார். தோத்தாத்ரி மாமா எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி. போர் வற்றி, லாரித் தண்ணீரில் குடித்தனம் நடக்கிறது. செடிக்கு டேங்க் தண்ணீர் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். நானும் தலையாட்டினேன். முதல் நாள் ஊற்றினேன். மறுநாள் மறந்தேன். அப்புறம் ரேஷ்மா வீட்டில் கேரம் ஆட ஆரம்பித்து, மாடிப்பக்கமே போகவில்லை. இன்று காலைதான் நினைவு வந்தது. எல்லாம் செத்திருக்கும் என்று அழுதுகொண்டே ஏறினால், சித்தி, வெண்டையும் கத்தரியும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன, புடலை பூத்திருக்கிறது. என் பயம் அதில்தான் ஆரம்பித்தது.

ஏனென்றால் வடாம் காயப்போட வந்த பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி மாமி, "லாரி வந்த மறுநாளே டேங்க் பாதி காலி. ஊரே காயறது, இது மட்டும் எப்படிடி இவ்வளவு பச்சை?" என்று கேட்டுவிட்டாள். கூட வந்த தோத்தாத்ரி மாமா செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? தண்ணீர் திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், தண்ணீரே ஊற்றவில்லை என்று சொல்ல வேண்டும். அது அப்பா காதுக்குப் போகும். "வேஸ்ட் தண்ணிதான் மாமி ஊத்தறேன், இப்பவே காட்டறேன்" என்று கீழே ஓடி, பால்கனியில் இருந்த வாளியைத் தூக்கிவந்து இருவர் முன்னாலும் ஊற்றினேன். அது அம்மா என் யூனிஃபார்முக்குக் கலக்கி வைத்திருந்த சொட்டு நீலம். வெண்டை நீலம், தரை நீலம், ஓடிப்போய் வடாம் துணியும் நீலம். மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இதைப் பொரிச்சா யாருடி சாப்பிடுவா? கிருஷ்ணர்தான் சாப்பிடணும்" என்றவள், மாமாவிடம் திரும்பி, "நாளைக்கு சாயந்தரம் மீட்டிங் போடுங்கோ. இந்தச் செடிப் பை எல்லாம் கீழே இறங்கியாகணும்" என்றாள். மாமாவும் சரி என்றுவிட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறார். தினமும் போனில் என்னைக் கேட்பதற்கு முன்னால் வெண்டையைத்தான் கேட்கிறார்.

சித்தி, நீங்கள் காலேஜில் தாவரவியல் நடத்துகிறீர்கள். மீட்டிங்குக்கு வந்து, சொட்டு நீலம் வேருக்கு நல்லது, நான்தான் ஊற்றச் சொன்னேன் என்று ஒரே ஒரு பொய் சொல்லுங்கள். உங்களை யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். சித்தப்பாவுக்கு என் நமஸ்காரம். நிகில் அண்ணாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், சிரிப்பான்.

உங்கள் ஆசியை உடனே வேண்டும்,
சின்மயி

பி.கு.: சித்தி, வர வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டு, நீலக்கறையைத் துடைக்க ஈரத்துணியோடு மாடிக்குப் போனேன். அங்கே தோத்தாத்ரி மாமா, தலையில் துண்டு, கையில் டேங்க்கிலிருந்து ஹோஸ் பைப், வெண்டையிடம் "குடி, குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டேங்க்கைச் சோதிப்பதாகச் சொன்னார். அப்புறம், "உங்கப்பாதான் கெஞ்சிட்டுப் போனான். சின்மயி மறந்துடுவா மாமா, அரிசித் தண்ணி ஏதாவது ஊத்துங்கோன்னான். தனிக்கட்டை நான், ஒரு ஆழாக்கு அரிசியில எவ்வளவு தண்ணிம்மா வரும்?" என்றார். வால்வு கசிந்தது என்று காலையில் நோட்டீஸ் ஒட்டிவிடுவாராம், மீட்டிங் கிடையாது. நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவில்லை என்று ஒப்பந்தம். அப்பா என்னை நம்பவில்லை என்பதுதான் அழுகையாக வருகிறது. நம்பியிருந்தால் வெண்டை செத்திருக்கும் என்பதால் சத்தமாக அழவும் முடியவில்லை.